2375-ஆம் நம்பர் கதவு

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் ஞாபகம், மெஸ் ரசம், கல்ச்சுரல்ஸ் இதெல்லாம் நிறையப் பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. நீங்க உங்க துறையைப் பத்தி ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். என் துறை மென்பொருள். அதிலும் வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்கட்டு வேலை. இதைப் பற்றி என்னத்தை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் 'டாக்கர்-பை' என்கிற ஒரு சின்ன லைப்ரரியின் வரலாற்றை எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

காரணம் இரண்டு. ஒன்று, நான் சாப்பிடும் சோற்றில் பல வருடங்களாக அதற்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டு, அதன் வரலாறு தெரியாமலே அதைப் பயன்படுத்தி 2018-ல் ஒரு தப்புச் செய்தேன். அந்தத் தப்புக்கான தண்டனையில் பாதியை இன்னொருவர் அனுபவித்தார். அவரும் நம் கல்லூரிக்காரர்தான்.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புரியும்படிதான் சொல்லப் போகிறேன்.

"என் மெஷின்ல ஓடுச்சு ஸார்!"

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வைவா ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் ராத்திரி ஹாஸ்டல் ரூமில் ஜம்மென்று ஓடிய புரோகிராம், மறுநாள் லேபில் எக்ஸ்டர்னல் முன்னால் வாயே திறக்காது. "என் மெஷின்ல ஓடுச்சு ஸார்" என்று நாம் சொல்ல, அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். நம்மில் பாதிப் பேர் சொன்ன வசனம் அது.

புரோகிராம் தனியாக ஓடுவதில்லை. அதற்குக் குறிப்பிட்ட வெர்ஷன் மொழி வேண்டும், துணை லைப்ரரிகள் வேண்டும், சில ஃபைல்கள் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வண்டி நகராது. இதற்கு ஒரு வழி, ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி வீடு கட்டிக் கொடுப்பது. அதாவது ஒரே கம்ப்யூட்டருக்குள் முழு ஆபரேடிங் சிஸ்டத்தோடு இன்னொரு பொய்க் கம்ப்யூட்டர். அதுதான் விர்ச்சுவல் மெஷின். வசதிதான், ஆனால் செலவு அதிகம்.

இன்னொரு வழி ஹாஸ்டல். கட்டடம் ஒன்று, தண்ணீர் டாங்க் ஒன்று, மெஸ் ஒன்று. அறைகள் மட்டும் தனித்தனி. உள்ளே இருப்பவனுக்குத் தன் அறைதான் உலகம். இதுதான் கன்டெய்னர். கட்டடத்துக்கும் மெஸ்ஸுக்கும் சமமானது, எல்லோருக்கும் பொதுவான 'கெர்னல்' என்னும் அடிப்படை மென்பொருள்.

இது திடீரென்று முளைத்த யோசனை அல்ல. 1979-ல் யூனிக்ஸின் ஏழாவது பதிப்பில் 'ச்ரூட்' என்ற வசதி வந்தது. ஒரு புரோகிராமுக்கு, டிஸ்கின் ஒரு மூலையையே முழு டிஸ்க் என்று நம்ப வைக்கும் தந்திரம். 2000-ல் ஃப்ரீ-பி.எஸ்.டி.யில் 'ஜெயில்' வந்தது. லினக்ஸில் புரோகிராம்களின் பார்வையைப் பிரிக்கும் 'நேம்ஸ்பேஸ்' வசதி 2002-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. யாருக்கு எவ்வளவு மெமரி, எவ்வளவு பிராஸஸர் என்று அளந்து கொடுக்கும் வேலையை கூகுள் பொறியாளர்கள் 2006-ல் ஆரம்பித்தார்கள். 'சி-குரூப்ஸ்' என்ற பெயரில் அது 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலில் இடம் பிடித்தது. அதே 2008-ல் இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டிய 'எல்.எக்ஸ்.சி.' வந்தது.

ஆக, நாம் முதல் வருடம் சேர்ந்த 2008-லேயே செங்கல், சிமெண்ட், மணல் எல்லாம் தயார். ஆனால் சாதாரண புரோகிராமர் கட்டிக்கொள்ளும் அளவுக்கு அது சுலபமாக இல்லை.

ஐந்து நிமிஷப் பேச்சு

2013 மார்ச் 15. கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா என்ற ஊரில் பைகான் மாநாடு. பைத்தான் மொழிக்காரர்கள் வருடா வருடம் கூடும் திருவிழா. அங்கே ஸாலமன் ஹைக்ஸ் என்ற இளைஞர் மேடையேறி ஐந்தே நிமிஷம் பேசினார். அவர் நடத்திய கம்பெனியின் பெயர் டாட்கிளவுட். மற்றவர்களுடைய புரோகிராம்களைத் தங்கள் சர்வர்களில் ஓட்டித் தரும் தொழில். அதற்காக உள்ளுக்குள் உருவாக்கி வைத்திருந்த கருவியைத்தான் அன்று காட்டினார். அதன் பெயர் டாக்கர். அதே மாதத்தில் அதன் மூல நிரலை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தும் விட்டார்கள்.

கருவி பெரிதாகி, தாய்க் கம்பெனியையே விழுங்கிவிட்டது. 2013 அக்டோபரில் கம்பெனி தன் பெயரையே டாக்கர் என்று மாற்றிக்கொண்டது. மறு வருடம் பழைய டாட்கிளவுட் தொழிலை விற்றுவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பைத்தான் மாநாட்டில் அறிமுகமான டாக்கர், பைத்தானில் எழுதப்படவில்லை. 'கோ' என்ற மொழியில் எழுதப்பட்டது. அப்படியானால் பைத்தான்காரன் அதனோடு எப்படிப் பேசுவது? இங்கேதான் நம் கதாநாயகன் நுழைகிறான்.

வார்டன் ஆபீஸ் கவுன்டர்

டாக்கர் எஞ்சின் என்பது பின்னணியில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு புரோகிராம். ஹாஸ்டல் வார்டன் மாதிரி. அறை திறப்பது, பூட்டுவது, காலி செய்வது எல்லாம் அவர் கையில்தான். 2013 ஜூனில் வந்த 0.4 பதிப்பில் அந்த வார்டனுக்கு முறையான ஒரு கவுன்டர் வைத்தார்கள். அதுதான் ரிமோட் ஏ.பி.ஐ.

கவுன்டரில் பேசும் பாஷை புதியதல்ல. வெப்சைட் பார்க்கும்போது பிரவுசர் பேசும் அதே எச்.டி.டி.பி. தான். 'ஓடுகிற கன்டெய்னர்களின் பட்டியல் கொடு' என்று ஒரு விலாசத்துக்குக் கேட்டால், ஜேசான் என்னும் எளிய எழுத்து வடிவில் பதில் வரும். 'புதிதாக ஒன்று உண்டாக்கு', 'ஓட விடு', 'நிறுத்து', 'அழி' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம். டெர்மினலில் நாம் அடிக்கும் டாக்கர் கட்டளையும் இந்தக் கவுன்டருக்கு வந்துதான் நிற்கும். கம்பெனியின் சொந்தப் புரோகிராமுக்கென்று தனி வாசல் கிடையாது. யார் வேண்டுமானாலும் அதே வரிசையில் நின்று அதே வேலையை வாங்கலாம் என்பதுதான் டாக்கர் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு ஒரு முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் கவுன்டர் வைத்த இடத்தில் ஒரு பிசகு. ஆரம்பத்தில் அது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு நெட்வொர்க் போர்ட்டில் இருந்தது. வெளி மெஷின்களுக்குத் தெரியாதே, பயமில்லை என்று நினைப்போம். ஆனால் அதே கம்ப்யூட்டரில் நீங்கள் பிரவுசரைத் திறந்து ஏதோ ஒரு பொல்லாத பக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தப் பக்கம் உங்கள் பிரவுசரையே ஏவி, உள்ளே இருக்கும் கவுன்டரில் உங்கள் பெயரால் கட்டளை கொடுத்துவிட முடியும். போர்ட்டுக்கு ஆள் யார் என்று பார்க்கத் தெரியாது.

அதனால் 2013 ஆகஸ்டில், 0.5.2 பதிப்பில், கவுன்டரை அங்கிருந்து தூக்கி 'யூனிக்ஸ் சாக்கெட்' என்ற இடத்துக்கு மாற்றினார்கள். அது டிஸ்கில் ஒரு ஃபைல் மாதிரியே இருக்கும். ஃபைல் என்றால் யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று அனுமதி வைக்கலாம். பூட்டுப் போடக்கூடிய கதவு என்று சொல்லுங்களேன்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? டாக்கர் எஞ்சின் வழக்கமாக 'ரூட்' என்னும் சர்வ அதிகாரத்தோடு ஓடுகிறது. அதனிடம் பேச முடிந்தவன், 'இந்த மெஷினின் முழு டிஸ்கையும் என் அறைக்குள் கொண்டுவந்து வை' என்று கேட்கலாம். வார்டன் மறு கேள்வி கேட்காமல் வைப்பார். ஆகவே கவுன்டருக்கு வர அனுமதி கொடுப்பதும், கட்டடத்தின் சாவிக்கொத்தைக் கொடுப்பதும் ஒன்றுதான். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

மொழிபெயர்ப்பாளர்

டாக்கர்-பை அதே 2013-ல் டாட்கிளவுட் பொறியாளர்களிடமிருந்தே வந்தது. பைத்தானில் ஒரு வரி எழுதினால், அதைக் கவுன்டருக்கு ஏற்ற எச்.டி.டி.பி. கோரிக்கையாக மாற்றி அனுப்பி, வரும் பதிலைப் பைத்தான்காரனுக்குப் புரிகிற மாதிரி திருப்பித் தரும். அவ்வளவுதான் வேலை. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் நல்ல மொழிபெயர்ப்பாளரின் கஷ்டம் மொழிபெயர்ப்பாளருக்குத்தான் தெரியும்.

ஓர் உதாரணம். கன்டெய்னருக்குள் ஓடும் புரோகிராம் எழுதித் தள்ளுவதை வெளியே இருந்து படிக்க வேண்டும். அதில் சாதாரண வெளியீடு ஒன்று, பிழைச் செய்திகள் இன்னொன்று. இரண்டும் ஒரே குழாயில் கலந்து வரும். அதற்காக ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் எஞ்சின் எட்டு பைட் தலைப்பு ஒட்டி அனுப்புகிறது. முதல் பைட் 1 என்றால் சாதாரண வெளியீடு, 2 என்றால் பிழை. கடைசி நான்கு பைட்டில், பின்னால் வரும் துண்டின் நீளம். கன்டெய்னருக்கு டெர்மினல் கொடுத்திருந்தாலோ இந்தத் தலைப்பே கிடையாது, எல்லாம் அப்படியே வரும். இந்தக் கணக்கையெல்லாம் லைப்ரரி சத்தமில்லாமல் போட்டுவிடும். பயன்படுத்துகிறவன் "லாக் கொடு" என்று ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இந்தச் சின்ன லைப்ரரியின் தோளில் பெரிய பெரிய ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். லண்டனில் ஆர்ச்சர்ட் என்ற குட்டிக் கம்பெனி 'ஃபிக்' என்ற கருவியைப் பைத்தானில் எழுதியது. நாலைந்து கன்டெய்னர்களை ஒரே ஃபைலில் வர்ணித்து, ஒரே கட்டளையில் எழுப்பும் கருவி. அது எஞ்சினோடு பேசியது டாக்கர்-பை வழியாக. 2014 ஜூலையில் டாக்கர் அந்தக் கம்பெனியையே வாங்கியது. 2015-ல் ஃபிக் 'டாக்கர் கம்போஸ்' ஆயிற்று. சர்வர்களை நிர்வகிக்கும் ஆன்ஸிபிள், மாணவர்களுக்கு ஆளுக்கொரு பைத்தான் அறை திறந்து கொடுக்கும் ஜூப்பிட்டர்-ஹப் இவற்றின் டாக்கர் பகுதிகளும் இதையே நம்பின. டாக்கரைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த லைப்ரரியின் பெயர் தெரியும்? பந்தியில் பரிமாறுகிறவரைத்தான் நமக்குத் தெரியும். அடுப்படியில் நிற்பவரைத் தெரியாது.

2017 ஜனவரியில் 2.0 பதிப்பு வந்தது. பேக்கேஜின் பெயரை டாக்கர்-பையிலிருந்து வெறும் 'டாக்கர்' என்று மாற்றினார்கள். எழுதும் முறையும் சுலபமாயிற்று. ஆனால் பழைய பேக்கேஜும் புதியதும் ஒரே பெயருள்ள ஃபோல்டரில் போய் உட்காரும். தெரியாமல் இரண்டையும் போட்டுவிட்டு, அப்புறம் ஒன்றை எடுத்தால் மற்றதும் உடையும். ஒரே ரூமுக்கு இரண்டு பேருக்கு அலாட்மெண்ட் ஆர்டர் கொடுத்த கதைதான். அந்த வருடம் இதில் நான் இழந்த மாலைப் பொழுதுகளைக் கணக்கெடுக்கவில்லை.

என் தப்பு

இப்போது 2018. அப்போது நான் இருந்த கம்பெனியின் பெயர் வேண்டாம். எங்கள் டெஸ்ட் சர்வர் ஒன்றில் டாக்கர் எஞ்சின் ஓடியது. என் டீமில் நம் கல்லூரி ஜூனியர் ஒருவர் சேர்ந்திருந்தார், எனக்கு நாலு வருடம் இளையவர். டாக்கர் லைப்ரரியை வைத்து நல்ல ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினார். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதுக் கன்டெய்னர் திறந்து, ஓட்டி, முடிந்ததும் அழித்துவிடும். அது அவர் மெஷினிலிருந்து சர்வரில் இருக்கும் எஞ்சினோடு பேச வேண்டும்.

எஞ்சினை நெட்வொர்க் வழியே திறக்க இரண்டு போர்ட் நம்பர்கள் வழக்கத்தில் உண்டு. 2376 என்றால் சான்றிதழ் காட்டினால்தான் உள்ளே விடும். 2375 என்றால் பூட்டே இல்லாத கதவு. சான்றிதழ்கள் தயாரிக்க அரை மணி நேரம் ஆகும். அன்று வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போக ராத்திரி பஸ்.

"அண்ணா, 2375-ஐயே திறந்துடலாமா? தப்பில்லையா?" என்று அவர் கேட்டார்.

"டெஸ்ட் சர்வர்தானே. திங்கட்கிழமை சரி பண்ணிக்கலாம்" என்றேன்.

நானே திறந்தேன். ஃபயர்வாலிலும் நானே வழி விட்டேன். இப்படித் திறக்காதே என்று எஞ்சின் தன் லாகில் எச்சரிக்கை எழுதும். அதைப் பார்த்துக்கொண்டே மெஷினை மூடினேன்.

திங்கட்கிழமை காலை சர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. எங்களில் யாரும் ஆரம்பிக்காத ஒரு கன்டெய்னர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, முழு டிஸ்கையும் தன் அறைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு. யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் செலவில் கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருந்தார். இப்படித் திறந்து கிடக்கும் 2375 கதவுகளை இண்டர்நெட் முழுக்கத் தட்டித் தட்டிப் பார்க்கும் கூட்டம் அந்த வருடங்களில் பெருகியிருந்தது. காசு தோண்டியதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த சர்வரில் ஒரு வாடிக்கையாளருடைய டேட்டாவின் நகல் இருந்தது. முழு டிஸ்கும் அந்நியன் கையில் இருந்திருக்கிறது என்றால், எதைப் பார்த்தான், எதை எடுத்தான் என்று யார் சொல்ல முடியும்? வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

காலை மீட்டிங்கில் மேனேஜர் ஜூனியரைப் பார்த்துத்தான் கேட்டார். 2375 என்ற நம்பர் அவருடைய ஸ்கிரிப்டில்தானே இருந்தது. "நான் திறக்கல ஸார்" என்றார். யார் திறந்தது என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் வரைக்கும் திறக்கவில்லை. அதற்குள் அவருடைய லாகினை நிறுத்தி வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எழுந்து போய்ச் சொன்னேன். "ஸார், திறந்தது நான். அவர் வேண்டாம்னுதான் கேட்டார்." மேனேஜர் திட்டவில்லை. "காலைலயே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த ஒரு வரிக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரம்தான் டாக்கரின் வெளியீட்டுக் குறிப்புகளை முதலிலிருந்து உட்கார்ந்து படித்தேன். 2013 ஆகஸ்டுக்கு வந்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மெஷினுக்கு உள்ளே மட்டும் தெரிந்த போர்ட்டே ஆபத்து என்று ஐந்து வருடத்துக்கு முன்பே அதைச் செய்தவர்கள் கதவை இடம் மாற்றியிருக்கிறார்கள். நானோ அதை உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டு பஸ் பிடித்திருக்கிறேன். லைப்ரரி என் தப்பை மிகச் சுலபமாக்கிக் கொடுத்திருந்தது. விலாசம் ஒரு வரி. கன்டெய்னர் திறக்க ஒரு வரி. அதன் பின்னால் இருப்பது கட்டடத்தின் சாவிக்கொத்து என்று அந்த வரியில் தெரியாது.

அதற்குப் பிறகு

கதை அங்கே நிற்கவில்லை. 2019 நவம்பரில் டாக்கர் கம்பெனி தன் பெரு நிறுவனத் தொழிலை மிராண்டிஸுக்கு விற்றது. 2020-ல் போட்மேன் என்ற வேறொரு கன்டெய்னர் கருவி, டாக்கரின் கவுன்டரைப் போலவே தானும் ஒன்று வைத்தது. விளைவு, டாக்கருக்காக எழுதிய நம் லைப்ரரி அதனோடும் பேசுகிறது. வார்டன் மாறினாலும் விண்ணப்பப் படிவம் மாறவில்லை. கம்போஸைக் கோ மொழியில் புதிதாக எழுதினார்கள். பைத்தானில் இருந்த பழைய கம்போஸுக்கு 2023 ஜூலையோடு புதுப்பிப்பு நின்றது. லைப்ரரியின் மிகப் பெரிய வாடிக்கையாளர் கடையை மாற்றிக்கொண்டார்.

ஆனாலும் லைப்ரரி எவ்வளவு இடங்களில் வேரோடியிருக்கிறது என்பது அது தடுக்கி விழும்போதெல்லாம் தெரிகிறது. யூனிக்ஸ் சாக்கெட்டோடு பேசுவதற்காக அது 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரிக்குள் தானே செய்த ஓர் இணைப்பைச் செருகி வைத்திருக்கிறது. 2024 மே மாதம் ரிக்வெஸ்ட்ஸ் தன் உள்வேலையைக் கொஞ்சம் மாற்றியது. அவ்வளவுதான், தாங்கள் ஒரு வரியும் தொடாத எத்தனையோ பேரின் புரோகிராம்கள் ஒரே நாளில் படுத்தன. சில நாட்களில் 7.1.0 பதிப்பு வந்து எழுப்பிவிட்டது. 2025 நவம்பரில் டாக்கர் எஞ்சின் 29 வந்தபோது, 1.44-க்கு முந்தைய ஏ.பி.ஐ. பதிப்புகளில் பேசுபவர்களை இனிக் கவுன்டரில் கவனிக்க மாட்டோம் என்றது. பழைய நம்பரை எழுதி வைத்துவிட்டு மறந்தவர்கள் மறுபடி விழுந்தடித்து ஓடினார்கள். இந்த முறை என் டீம் ஓடவில்லை. குறிப்பை முன்கூட்டியே படித்திருந்தோம்.

நம் பாடத்திட்டத்தில் கருவிகளைக் கற்றுக் கொடுத்தார்கள், கருவிகளின் வரலாற்றைக் கற்றுக் கொடுக்கவில்லை. அது தேவையில்லாத கதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு லைப்ரரியை எடுத்தால், அதில் என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்ற குறிப்புகளை ஒரு மத்தியான நேரம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பட்ட கஷ்டம் இருக்கிறது. அதைப் படித்தால் நாம் படவேண்டியதில்லை. அப்படியும் பட்டால், காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த ஜூனியர் இப்போது வேறு ஊரில், வேறு கம்பெனியில் நல்ல நிலையில் இருக்கிறார். சந்திப்புக்கு வருபவர்கள் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தேன். தம்பி, அன்றைக்கு மத்தியானம் மேனேஜரிடம் சொன்னேனே தவிர, உங்களிடம் மன்னிப்புக் கேட்டதாக ஞாபகம் இல்லை. மலரில் எழுதிவிட்டேன் என்பதற்காக நேரில் கேட்காமல் விடமாட்டேன். மெஸ் வரிசையில் பார்ப்போம்.



— கணிப்பொறிப் பொறியியல், 2008–12 செட்